கற்பனை உலகில் பனை நட விரும்புவோருக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

மிகுபுனைவு எழுதத் தொடங்குகிறவர்கள் தங்கள் உலகத்துக்கு அரசர்களையும் எல்லைகளையும் கடவுள்களையும் முதல் வாரத்திலேயே வகுத்துவிடுகிறார்கள்; அந்த உலகத்து மக்கள் எதை உண்கிறார்கள், எதைக் கொண்டு கூரை வேய்கிறார்கள், எதில் கணக்கு எழுதுகிறார்கள் என்ற கேள்வி மிகத் தாமதமாகவே வருகிறது. வெப்பநிலத்து உலகமாக இருந்தால் மூன்றுக்கும் பனையையே விடையாகத் தரலாம். ஆனால் அதற்கு வேண்டிய தகவல்களில் ஒரு பகுதி வேளாண் கையேடுகளிலும், ஒரு பகுதி சுவடியியல் நூல்களிலும், பெரும்பகுதி பனையேறிகளின் பேச்சிலும் சிதறிக் கிடக்கிறது. பனையை நம்பி வாழும் ஒரு தீவு நாட்டைக் கதைக்காக அமைக்க முயன்றபோது அவற்றைத் தேடிச் சேர்ப்பதற்கே என் நேரத்தில் பெரும்பகுதி சென்றது. அடுத்து எழுத வருகிறவர்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறேன்.

பனையைச் சுற்றி அமையும் எந்தச் சமூகத்தையும் இரண்டு கால அளவுகள் ஆளுகின்றன. மரம் பலன் தருவதற்கு ஏறத்தாழ ஒரு தலைமுறை ஆகிறது. அது தரும் சாறோ சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடுகிறது. உங்கள் உலகத்தின் சட்டம், வரி, தொழிற்பிரிவு ஆகியவற்றை இந்த இரண்டிலிருந்தே பெற முடியும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்கான வழிகளே.

1. எந்தப் பனை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பனைக் குடும்பத்தில் ஏறத்தாழ 2,600 இனங்கள் உள்ளன. தென்னை, கமுகு, ஈச்சை, பேரீச்சை மட்டுமல்லாமல் காட்டில் கொடியாகப் படரும் பிரம்பும் இக்குடும்பத்தையே சேர்ந்தது. ஆகவே "அங்கே பனைமரங்கள் இருந்தன" என்று எழுதினால் வாசகருக்கு எதுவும் தெரிவதில்லை. வறண்ட செம்மண்ணும் தேரிமணலும் நிறைந்த நாட்டுக்கு நம்முடைய பனையைத் தேர்ந்தெடுக்கலாம். உப்புக்காற்றும் நல்ல மழையும் உள்ள கடற்கரைக்குத் தென்னை பொருந்தும். பாலைவனத்து நீரூற்றைச் சுற்றிப் பேரீச்சை வளரும். ஆனால் பழம் பழுக்கும் பருவத்தில் மழை பெய்தால் பழம் வெடித்து அழுகும் என்பதால், பேரீச்சை நாட்டுக்கு அப்பருவத்தில் மழை வைக்காதீர்கள். சதுப்பு நிலத்துக்குச் சவ்வரிசிப் பனை உண்டு. நியூகினியிலும் மலுக்குத் தீவுகளிலும் இதன் தண்டிலுள்ள மாவே பல மக்களின் அன்றாட உணவு. (நம் கடைகளில் விற்கும் ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து செய்வது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு செய்முறை எழுத வேண்டாம்.)

குளிர்நாட்டில் பனை வளராது என்பதும் பொது விதி அன்று. கொலம்பியாவின் ஆண்டிசு மலையில், கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேல், மூடுபனிக்கு நடுவே 45 மீட்டரையும் தாண்டி வளரும் மெழுகுப் பனை இருக்கிறது. அதன் தண்டின் மேல் படியும் மெழுகைச் சுரண்டி மெழுகுவத்தி செய்திருக்கிறார்கள். மலை நாட்டுக்கு விளக்கு எப்படி வந்தது என்று யோசிக்கிறவர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு நாட்டுக்கு ஓர் இனத்தை முதன்மையாக வையுங்கள். இரண்டாவதை அண்டை நாட்டுக்குக் கொடுங்கள். வணிகத்துக்கான காரணம் அங்கே தானாகவே கிடைத்துவிடும். இனி வரும் பகுதிகளில் பெரும்பாலும் நம் பனையையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

2. மரத்தின் வயதைக் கதையின் காலக்கணக்கோடு பொருத்துங்கள்

புதியவர்கள் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான். போரில் ஊரை இழந்த மக்கள் புது நிலத்துக்கு வந்து பனை நடுகிறார்கள், அடுத்த அத்தியாயத்தில் பதநீர் குடிக்கிறார்கள் என்று எழுத முடியாது. பனை முதன்முதலில் பாளை விடுவதற்குப் பொதுவாக 12 முதல் 20 ஆண்டுகள் ஆகும். நெட்டைத் தென்னைக்கு ஏறத்தாழ ஆறு முதல் பத்து ஆண்டுகள், சவ்வரிசிப் பனையின் தண்டில் மாவு நிறைவதற்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள். தாளிப்பனை என்னும் இன்னோர் இனமோ 30 முதல் 80 ஆண்டுகள் வரை காத்திருந்து, உச்சியில் மாபெரும் பூங்கொத்தை ஒரே முறை விரித்து, காய் முதிர்ந்ததும் பட்டுப்போகும்.

இதற்கிடையே மக்கள் என்ன உண்பார்கள் என்ற கேள்விக்குப் பனையிலேயே ஒரு விடை உண்டு. ஆவணி, புரட்டாசியில் பனம்பழத்தின் கொட்டைகளைச் சேர்த்து மண்ணில் புதைத்தால் தை பிறக்கும்போது பனங்கிழங்கு தோண்டலாம். அதை அவித்து உண்ணலாம். யாழ்ப்பாணத்தில் செய்வதுபோல் உலர்த்தி ஒடியலாக்கி, மாவாக இடித்து, மழைக்காலம் முழுவதும் கூழ் காய்ச்சலாம். ஆனால் தோண்டி எடுத்த கிழங்கு மரமாகாது. பசிக்குக் கிழங்கைத் தோண்டுவதா, பேரப்பிள்ளைகளுக்காக மண்ணிலேயே விடுவதா என்பதை அந்த அகதிகள் முதல் ஆண்டிலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கும். இதைவிட நல்ல மோதலை நீங்கள் செயற்கையாக உருவாக்குவது கடினம்.

அடுத்த சிக்கல் ஆண், பெண் பற்றியது. பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும் வரை எது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. பதநீர் இரண்டிலும் கிடைக்கும். நுங்கும் பழமும் பெண் மரத்தில் மட்டுமே கிடைக்கும். பேரீச்சையிலும் இப்பிரிவு உண்டு. ஆனால் அங்கே தாய்மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக்கன்றைப் பிரித்து நட்டால் அது தாயைப் போலவே பெண்ணாக இருக்கும் என்பதால் தோட்டக்காரர் முதலிலேயே கணக்குப் போட முடியும். ஏறத்தாழ ஐம்பது பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் வைத்து, மகரந்தத்தைக் கையால் கொண்டு சேர்ப்பார்கள்.

உடற்கூறு பற்றி மூன்று எச்சரிக்கைகள். பனையில் ஆண்டு வளையங்கள் இல்லை; வெட்டிய அடிமரத்தைப் பார்த்து வயதைச் சொல்லும் முதியவரைக் கதையில் வைக்காதீர்கள். குருத்து ஒன்றே ஒன்றுதான், அதை வெட்டினால் மரம் இறந்துவிடும். ஆகவே படையெடுத்து வந்தவர்கள் ஒரு நாட்டின் பனைகளை அழிக்க அடியோடு சாய்க்க வேண்டியதில்லை, உச்சியைக் கொய்தாலே போதும். பனைக்குப் பொதுவாகக் கிளை கிடையாது, ஒட்டுக்கட்டவும் முடியாது. கிளை விடும் பனைதான் வேண்டும் என்றால் ஆப்பிரிக்காவின் வறண்ட நிலங்களில் வளரும் டூம் பனையை முன்மாதிரியாகக் கொள்ளுங்கள்.

3. ஒரு பனையேறியின் ஒரு நாளை மணிக்கணக்கில் எழுதுங்கள்

இதை எழுதிப் பார்க்காமல் பொருளாதாரத்துக்குப் போகாதீர்கள். தென்தமிழகத்தில் பருவம் பொதுவாகத் தை, மாசியில் தொடங்கி ஆனி, ஆடி வரை நீளும். மரத்தில் பாளை வந்ததும் பதநீர் வடிந்துவிடாது. பல நாள் பாளையை இடுக்கியால் நெருக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிச் சீவி வர வேண்டும். சுரக்கத் தொடங்கிய பிறகு காலையும் மாலையும் ஏறி, பாளை அரிவாளால் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்துவிட்டுக் கலயத்தைக் கட்ட வேண்டும். சீவாமல் விட்டால் சுரப்பு நின்றுவிடும். ஆகவே திருவிழா, சாவு, போர் எது வந்தாலும் அந்தச் சில மாதங்களுக்குப் பனையேறிக்கு விடுமுறை இல்லை; உங்கள் கதையில் பனையேறிகளைப் படைக்குத் திரட்டும் அரசன் அந்த ஆண்டின் கருப்பட்டி வருவாயைத் தானே அழித்துக்கொள்கிறான்.

ஒருவர் நாளொன்றுக்கு முப்பது, நாற்பது மரங்கள் பார்ப்பார். சராசரி உயரத்தை 15 மீட்டர் என்று வைத்து நாற்பது மரங்களை இருவேளை ஏறினால், ஒரு நாளில் 1,200 மீட்டர் ஏற்றமும் அதே அளவு இறக்கமும் வருகிறது. காலில் தளைநார், நெஞ்சில் தேய்த்துத் தேய்த்துக் காய்த்த தோல், இடுப்பில் அரிவாள் பெட்டி ஆகியவற்றோடு இதைச் செய்யும் மனிதரின் உடலமைப்பு, நடை, அவர் தூங்கும் நேரம், அவரைப் பார்த்து மற்றவர்கள் வைக்கும் மரியாதை அல்லது மரியாதைக்குறைவு எல்லாவற்றையும் இந்த எண்ணிலிருந்தே எழுதலாம். மரத்திலிருந்து விழுவது இத்தொழிலின் நிலையான ஆபத்து. அதற்கான நேர்த்திக்கடன், கைவிடப்பட்ட குடும்பத்துக்கான ஊர்ப்பொறுப்பு ஆகியவை உங்கள் உலகில் எப்படி இருக்கின்றன என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

மரத்தடியிலும் வேலை குறைவில்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் சாறு புளிக்காமல் பதநீராக இறங்கும், தடவாவிட்டால் கள்ளாகிவிடும். பதநீரையும் நெடுநேரம் வைத்திருக்க முடியாது, அன்றன்றே காய்ச்ச வேண்டும். காய்ச்சும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது. பாகு பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றினால் கருப்பட்டி. பாகைப் பானையில் ஊற்றி ஒரு மாதத்துக்கு மேல் அசையாமல் வைத்தால் பனங்கற்கண்டு. சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள். சங்கையும் சிப்பியையும் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் கடற்கரை மக்கள் ஒரு நாள் வழங்கலை நிறுத்தினால், உள்நாட்டில் எல்லாப் பதநீரும் கள்ளாகிவிடும்.

4. செலவுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கற்பனை நாணயத்தில் விலை எழுதுவது எளிது. அந்த விலைக்கு அடியில் உழைப்பும் விறகும் நிற்கின்றனவா என்பதே கேள்வி. கணக்குக்காக, ஒரு மரம் நாளுக்கு இரண்டரை லிட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது மரங்களுக்கு 100 லிட்டர். ஏறத்தாழ எட்டு லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும் என்பதால் ஒரு குடும்பத்துக்கு நாளுக்கு 12 கிலோ.

இந்த 12 கிலோவுக்காக 85 லிட்டருக்கு மேல் நீரை ஆவியாக்க வேண்டியிருக்கிறது. திறந்த அடுப்பில் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ விறகு என்று மதிப்பிட்டால் நாளுக்கு 85 கிலோ. நூறு குடும்பங்கள் உள்ள ஊரில் ஐந்து மாதப் பருவத்துக்கு இது ஏறத்தாழ 1,275 டன் ஆகிறது. காய்ந்த ஓலை, மட்டை, பன்னாடை ஆகியவை இதில் ஒரு பகுதியைத் தரும். மீதி எங்கிருந்தாவது வர வேண்டும். பனங்காட்டுக்கு நடுவே பச்சைப்பசேலென்ற பெருங்காடு ஒன்றையும் வரைபடத்தில் போட்டிருந்தால், ஐம்பது ஆண்டுகளில் அது என்னவாகியிருக்கும் என்று யோசியுங்கள். முள்காட்டுக்கான உரிமையும் விறகு வணிகரின் செல்வாக்கும் கடன் முறையும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன. பருவத்துக்கு முன்பே விறகுக்கு முன்பணம் கொடுத்தவர், வருகிற கருப்பட்டிக்கு விலை வைக்கும் உரிமையைப் பெற்றுவிடுகிறார்.

உணவுக் கணக்கையும் பாருங்கள். 150 நாளில் ஒரு குடும்பம் 1,800 கிலோ கருப்பட்டி காய்ச்சினால், அதிலுள்ள ஆற்றல் ஏறத்தாழ எட்டுப் பேருக்கு ஓராண்டுக்குப் போதும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மிஞ்சுவது மூன்று பேருக்கானது; மேலும் கருப்பட்டியை மட்டும் தின்று எவரும் உயிர்வாழ முடியாது. ஆகவே பனையை மட்டும் நம்பிய தலைநகரம், பெரும்படை, கோபுரங்கள் என்று எழுதுவதற்கு முன், அவர்களுக்கு நெல்லோ மீனோ அனுப்பும் இன்னொரு நாட்டைக் கண்டுபிடியுங்கள். சவ்வரிசிப் பனைக்கு நிலைமை வேறு. ஒரு தண்டைச் சாய்த்துப் பிளந்து, அரைத்து, நீரில் கரைத்து வடித்தால் 150 முதல் 300 கிலோ வரை மாவு கிடைக்கும். இதற்குப் பருவம் இல்லை, வேண்டும்போது வெட்டலாம். களஞ்சியம் தேவைப்படாத நாட்டில் களஞ்சியத்தைக் கைப்பற்றி ஆளும் அரசனும் இருக்க மாட்டான் என்பது என் கருத்து. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம்.

இயற்கை இழப்புக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகளைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. தென்னையை நம்பிய குடும்பத்துக்கு அது ஒரு நாள் இழப்பு அல்ல, மறுகன்று காய்க்கும் வரையான ஆண்டுகளின் இழப்பு. பனை புயலை மேலும் நன்றாகத் தாங்கும். உங்கள் கடற்கரையில் எந்த வரிசையில் எது நிற்கிறது என்பதை இதைக் கொண்டு தீர்மானிக்கலாம்.

5. உலகத்துக்குள் புழங்கும் ஆவணங்களை வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்

நட்டவர் உயிரோடு இருக்கும்போதே பலன் வருமா என்பது உறுதியில்லாத மரத்துக்கு எழுத்து ஆவணம் இல்லாமல் முடியாது. குறைந்தது நான்கு ஆவணங்கள் தேவைப்படும்: மர உரிமைப் பத்திரம், பாட்டச் சீட்டு, வெட்டு அனுமதி, சாறு இறக்கும் உரிமம்.

உரிமைப் பத்திரத்தில் நிலமும் மரமும் தனித்தனியாக இருக்கட்டும். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் நிலத்தோடு அதிலுள்ள பயன்தரு மரங்களையும் கிணற்றுப் பங்கையும் சேர்த்து எழுதும் வழக்கம் இருக்கிறது. நிலம் அண்ணனுக்கு, அதில் நிற்கும் பன்னிரண்டு பனைகள் தங்கைக்கு என்று ஒரு தகப்பன் எழுதிவைத்தால், அதிலிருந்து வரும் வழக்கு மூன்று அத்தியாயங்களுக்குத் தாங்கும். தானாக முளைத்த வடலி (இளம்பனை) யாருக்குச் சொந்தம் என்ற வரியைப் பத்திரத்தில் வேண்டுமென்றே விட்டுவிடுங்கள்.

பாட்டச் சீட்டுக்குச் சிறந்த முன்மாதிரி பாபிலோனில் கிடைக்கிறது. கி.மு. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அம்முராபி மன்னனின் சட்டக்கல்லில், தோட்டம் போடுவதற்காக நிலத்தைப் பெற்றவர் நான்கு ஆண்டுகள் பேரீச்சையை வளர்த்து, ஐந்தாம் ஆண்டு முதல் நில உரிமையாளரோடு சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. ஏற்கெனவே வளர்ந்த தோட்டத்தை மகரந்தம் சேர்த்துப் பராமரிக்க மட்டும் எடுத்தவர் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளருக்குக் கொடுக்க வேண்டும். பிறர் தோட்டத்து மரத்தை அனுமதியின்றி வெட்டினால் அரை மினா (அக்கால எடையளவு) வெள்ளி தண்டம். வளர்ப்பவருக்கும் பராமரிப்பவருக்கும் பங்கு வேறுபடுவதைக் கவனியுங்கள். உங்கள் சட்டத்திலும் இந்த வேறுபாட்டை வைத்தால் ஆவணம் உடனே நம்பகமாகிவிடும். நம் பனையாக இருந்தால் அந்த நான்கு ஆண்டுகளைப் பதினைந்தாக மாற்ற வேண்டும் என்பதால், ஒப்பந்தம் செய்தவர் இறந்து அவர் மகன் பங்கு கேட்டு வருவார்.

வெட்டு அனுமதி இன்றைய நடைமுறையிலும் உள்ளதே. தமிழ்நாட்டின் 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. உங்கள் உலகில் அனுமதி தருபவர் யார், அவர் எத்தனை நாள் பயணத் தொலைவில் இருக்கிறார், கூரை இடிந்துவிட்டதால் கைமரம் உடனே வேண்டும் என்பவர் என்ன செய்வார் என்று எழுதுங்கள்.

உரிமத்தில்தான் சுவையான சிக்கல் இருக்கிறது. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே மனிதர். கலயத்தில் சுண்ணாம்பு இருந்தால் வரியில்லாத பதநீர், இல்லாவிட்டால் வரிக்குரிய அல்லது தடைசெய்யப்பட்ட கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. பதநீர் அந்தத் தடைக்குள் வராது. ஆகவே உங்கள் அதிகாரிக்கு மந்திரக்கண் எதுவும் தேவையில்லை. கலயத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தாலே போதும். எந்த அதிகாரியும் 15 மீட்டர் ஏறிப் பார்க்க மாட்டார் என்பதும் பனையேறிக்குத் தெரியும்.

6. ஓலையில் எழுதுவதற்கு எவ்வளவு காலமும் செலவும் ஆகும் என்று கணக்கிடுங்கள்

மரத்திலிருந்து பறித்த ஓலையில் அப்படியே நூல் எழுதிவிட முடியாது. மிக இளசும் முற்றலும் அல்லாத ஓலையைத் தேர்ந்து, நடு ஈர்க்கை நீக்கி, ஒரே அளவில் நறுக்கி, நீரில் அவித்து, நிழலில் உலர்த்தி, சங்கு போன்ற வழவழப்பான பொருளால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். பிறகு துளையிட்டு, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கயிற்றால் கட்டுவார்கள். இவ்வளவுக்கும் சில வாரங்கள் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதுவது இரும்பு எழுத்தாணியால் கீறித்தான். கீறிய பிறகு விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் எழுத்து தெரியும். மயிலிறகையும் மைக்கூட்டையும் ஓலையோடு சேர்த்து எழுதுவதைத் தவிருங்கள்.

பனையோலை ஏட்டின் அகலம் பெரும்பாலும் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். அகன்ற ஏடு வேண்டும் என்றால் தாளிப்பனை ஓலைக்குப் போக வேண்டும். வட்டமாகப் பெரிய வரைபடம், முழுப்பக்கச் சித்திரம் ஆகியவை இப்படிப்பட்ட நூலில் இயல்பாக வராது. உங்கள் கதாநாயகனுக்குப் புதையல் வரைபடம் தேவை என்றால் அதை வரிகளாகவோ பாடலாகவோ கொடுங்கள்.

கீறிய எழுத்தை அழிக்க முடியாது என்பதையும், நம் ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் எழுதும் வழக்கம் பரவலாக இருந்தது என்பதையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். புள்ளியில்லாத ஏட்டில் குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒன்றாகவே தோன்றும், மெய்யா உயிர்மெய்யா என்பதையும் படிப்பவரே இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அரசாணையைப் படிக்கத் தெரிந்தவருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கும் என்பது இதிலிருந்து விளங்கும்.

பூச்சியும் ஈரமும் ஓலையை அரித்துவிடும். நன்றாகப் பேணினால் சில நூற்றாண்டுகள் நிற்கும். அதற்குள் படியெடுத்தாக வேண்டும். ஐயாயிரம் ஆண்டுப் பழமையான ஓலைச்சுவடி குகையில் கிடைத்தது என்று எழுதுவதைவிட, ஐயாயிரம் ஆண்டுகளாகப் படியெடுத்து வந்த ஒரு மடமும், ஒரு பஞ்ச ஆண்டில் எந்த நூலைப் படியெடுக்காமல் விடுவது என்று அங்கே நடந்த கூட்டமும் உங்களுக்கு மேலும் பயன்படும்.

7. வழக்கங்களை மரத்தின் உடலிலிருந்து எடுங்கள்

சங்கப் பாடல்களில் வரும் மடலேறுதலைப் பாருங்கள்: காதலை ஏற்காத நிலையில் ஆண் பனைமடலால் குதிரை செய்து, அதன் மேல் ஏறி ஊர்த்தெருவில் வருகிறான். மட்டையின் ஓரத்திலுள்ள கருக்கு அறுக்கும் என்பது தெரிந்தால்தான் அந்த வழக்கத்தின் கடுமை புரியும். மரத்தின் ஒரு பண்பு, அதைத் தெரிந்த ஊர், அதை வைத்து ஒருவர் செய்யும் பொது அறிவிப்பு என்று உங்கள் உலகத்துக்கும் ஒன்றை உருவாக்கலாம். சேரர்கள் பனம்பூ சூடியதுபோல ஒரு குடிக்கு ஓர் அடையாளப் பூ கொடுப்பது எளிது. ஆனால் அது எந்த மாதத்தில் கிடைக்கும், போர் அந்த மாதத்தில் வருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

8. கற்பனையை ஓரிடத்தில் மட்டும் சேருங்கள்

இதுவரை சொன்னவை எல்லாம் உண்மையான மரங்களின் பண்புகள். இனி ஒன்றை மட்டும் மாற்றி, அதன் விளைவை இறுதி வரை தொடருங்கள். தாளிப்பனைகள் எல்லாம் ஒரே ஆண்டில் சேர்ந்து பூத்து இறந்தால், எண்பது ஆண்டுக்கு ஒருமுறை நாட்டில் எழுத ஓலையே இருக்காது. அந்த ஆண்டுகளில் எழுதப்படாத கடன்கள் என்னவாகும்? சுண்ணாம்பு இல்லாமலே புளிக்காத சாறு ஒரு தோப்பில் மட்டும் கிடைத்தால், அந்தத் தோப்பின் விலை என்ன? முளையிலேயே ஆண், பெண் சொல்லத் தெரிந்த ஒரு குடும்பம் இருந்தால், அவர்களை மதிப்பார்களா, அஞ்சுவார்களா?

ஒளிரும் ஓலை, பேசும் பனை, பொன் நுங்கு ஆகியவற்றை ஒரே தோப்பில் வைத்துவிட்டால் எதற்கும் விலை இருக்காது. மேலும், இயற்கையே நமக்கு முன்னால் நிறையச் செய்துவைத்திருக்கிறது. சீசெல்சின் பிராலின் தீவில் வளரும் கடல்தேங்காயின் கொட்டை 20 கிலோவுக்கு மேலும் எடை பெறும். உயிருள்ள கொட்டை நீரில் மிதக்காது. உள்ளீடு அழிந்த பிறகே மிதந்து மாலத்தீவு வரை கரை ஒதுங்கும், ஒதுங்கியது முளைக்காது. தாய்மரத்தை எவரும் கண்டதில்லை என்பதால் அது கடலடியில் வளரும் மரத்தின் காய் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஒரு தவறான நம்பிக்கைக்கும் இவ்வளவு திருத்தமான காரணம் இருக்க வேண்டும் என்பதே இதில் கற்றுக்கொள்ள வேண்டியது.

9. எழுதியதைச் சரிபார்க்கும் பயணத்துக்குத் திட்டமிடுங்கள்

இதற்கு ஆகும் செலவு பெரும்பாலும் பேருந்துக் கட்டணமும் தங்குமிடமும்தான். தூத்துக்குடி மாவட்டத்தில் உடன்குடி, இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர்கள் ஆகியவை பதநீர்க் காலத்தில் பார்க்க ஏற்றவை. மாசி முதல் வைகாசிக்குள், விடியலுக்கு முன்பே தோப்பில் இருக்கும்படி செல்லுங்கள். ஒன்பது மணிக்குப் போனால் காலியான கலயங்களும் கொதிக்கும் பாகும்தான் காணக் கிடைக்கும். நுங்கு பார்க்கச் சித்திரை, வைகாசி, பழத்துக்கு ஆவணி, புரட்டாசி, கிழங்குக்குத் தை. ஒரே பயணத்தில் எல்லாவற்றையும் பார்க்க முடியாது என்பதால், கதைக்கு மிகவும் தேவையான பருவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சுவடிகளைப் பார்க்கச் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் தஞ்சாவூரில் சரசுவதி மகால் நூலகமும் இருக்கின்றன. அடையாள அட்டையின் நகலையும், எதற்காகப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று தெளிவாக எழுதிய கடிதத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படம் எடுக்கலாமா, கட்டணம் உண்டா என்பதை முதலிலேயே கேளுங்கள். மூலச்சுவடி கையில் கிடைக்காவிட்டாலும் காட்சிக்கு வைத்திருக்கும் ஏட்டின் அகலத்தையும் வரிகளின் நெருக்கத்தையும் கண்ணால் பார்த்தாலே ஆறாம் படியில் எழுதியவற்றைத் திருத்திவிடலாம்.

கடைசியாக, எழுதிய பகுதியை ஒரு பனையேறியிடம் வாசித்துக் காட்டுங்கள். பருவ காலத்தில் அவரிடம் நேரம் கேட்காதீர்கள். ஏற்றத்துக்கு நடுவே நிறுத்தி வைத்துப் பேசினால் அவருடைய அன்றைய வரும்படி குறையும். பார்ப்பதற்குப் பருவத்திலும், கேட்பதற்கு ஆடி கழிந்த பிறகும் செல்லுங்கள். அரை நாள் உட்கார்ந்து கேட்டால் அரை நாள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். மாயம் வரும் பகுதிகளை அவர்கள் எந்தத் தடையும் சொல்லாமல் கேட்டுக்கொள்வார்கள். ஆனால் உங்கள் கதாபாத்திரம் தளைநாரை எந்தக் காலில் முதலில் மாட்டினார் என்பதில் நிறுத்துவார்கள். அந்த இடங்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.